நான்கு கால் காக்கை!

மேடையிலே முழங்குகிறோம். எழுத்துரிமை வேண்டும் என்கிறோம். பேச்சுரிமை வேண்டும் என்கிறோம். எண்ணியதை எண்ணியவாறு எடுத்துரைக்கும் உரிமை ஏழைக்கும் எளியோனுக்கும் வேண்டும் என்கிறோம். கையொலி கேட்கிறது. மாலை விழுகிறது. மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறோம். வீட்டிலே, ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, கையிலே ஒரு தாளையும் கண்ணிலே ஒரு கேள்வியையும் ஏந்திக்கொண்டு நம் எதிரே வந்து நிற்கிறது. அந்தக் குழந்தையின் உரிமையை நாம் என்ன செய்கிறோம்?

பறிக்கிறோம், தோழர்களே! பறிக்கிறோம் என்பதே தெரியாமல் பறிக்கிறோம். பாசத்தோடு பறிக்கிறோம், சிரித்துக்கொண்டே பறிக்கிறோம்.

ஊரார் வீட்டு ஓட்டையைக் காட்டி உபதேசம் செய்வது எளிது. ஆகவே, நம் வீட்டு ஓட்டையிலிருந்தே துவங்குகிறோம்.

ஒரு மாலை. மறுநாள் இதழுக்கான கட்டுரை பாதியிலே நிற்கிறது. தொலைபேசி ஓயாமல் அழைக்கிறது. பக்கத்து நாற்காலியிலே நண்பரொருவர் காப்பி அருந்திக்கொண்டிருக்கிறார். நம் மகள் வந்தாள். "அப்பா, பாருங்க!" என்று ஒரு தாளை நீட்டினாள். எழுதும் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ரொம்ப அழகா இருக்கு கண்ணு" என்றோம்.

"எது அப்பா அழகு?" என்று கேட்டாள்.

வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இப்படி ஒரே கேள்வியிலே சாட்சியைக் கவிழ்த்தவரை அதுவரை கண்டதில்லை. அப்போதுதான் படத்தைப் பார்த்தோம். பிடிபட்ட வெட்கம் இருக்கிறதே, அது பொல்லாதது. அதை மறைத்துக்கொள்ளச் சட்டென்று நீதிபதியின் ஆசனத்திலே தாவி ஏறிக்கொண்டோம். "காக்கைக்கு எங்கேயாவது நாலு கால் இருக்குமா?" என்று கேட்டுச் சிரித்தோம். நண்பரும் சிரித்தார். அதோடு விட்டோமா? இல்லை. கையிலிருந்த பேனாவால் இரண்டு கால்களை அடித்துவிட்டு, "இப்போ சரி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தோம்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் விழித்திருப்போம். தாளை வாங்கி, நான்காக மடித்து, போய்விட்டாள்.

வாரங்கள் சென்றன. வண்ணப் பென்சில் டப்பா திறக்கப்படவே இல்லை. "ஏம்மா, படம் வரையலையா?" என்று ஒருநாள் கேட்டோம். "எனக்கு வரைய வராதுப்பா" என்றாள்.

ஐந்து வயது! அந்த வயதிலே 'எனக்கு வராது' என்ற பாடத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் யார்? பள்ளிக்கூடம் அல்ல, பக்கத்து வீட்டார் அல்ல. நாம்தான்.

அன்றிரவு நம் துணைவியார் சொன்னார்: "அது நாலு கால் காக்கை இல்லைங்க. ரெண்டு காக்கை. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு நிக்குது. தினமும் மதில்மேல சோறு வைக்கிறோமே, அங்கே வர்ற அம்மாக் காக்கையும் குட்டிக் காக்கையும். குட்டி பயந்துக்கிட்டு அம்மாவுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்காம். கால் மட்டும்தான் தெரியுதாம். நீங்க அடிச்சது குட்டிக் காக்கையோட காலை."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றோம்.

"கேட்டேன், சொன்னா" என்றார்.

கேட்டேன், சொன்னாள்! இரண்டே சொற்கள். ஏடு நடத்துகிறோம், ஏழெட்டு ஊர்களிலே பேசுகிறோம். இந்த இரண்டு சொற்களின் இலக்கணம் நமக்குத் தெரியவில்லை.

ஒன்று மற்றொன்றை மறைக்கும், மறைந்தது இல்லாமற்போய்விடாது, மறைந்ததன் ஒரு பகுதி வெளியே தெரியும். ஐந்து வயதுக் குழந்தை கண்டறிந்து தாளிலே பதித்த உண்மை இது. அந்த அறிவைத்தான் நாம் பிழை என்று அடித்தோம். அறியாமை யாருடையது?

அதற்குப் பிறகுதான் இதுபற்றி அறிந்தோர் எழுதியவற்றைத் தேடிப் படித்தோம். படித்ததை உங்கள்முன் வைக்கிறோம். ஏனெனில், இந்தக் குற்றத்திலே நாம் தனி ஆள் அல்ல. தமிழகத்தின் தந்தையர் பலர் நம் கூட்டாளிகள்!

குழந்தையின் கோடு பெரியவரின் கோடு அல்ல. ஒன்றரை, இரண்டு வயதிலே குழந்தை கிறுக்குகிறது. எதையும் 'போல' அது வரையவில்லை. கை அசைகிறது, தாளிலே தடம் விழுகிறது, 'இது என்னால் ஆனது' என்று வியக்கிறது. அமெரிக்காவிலே சான்ஃபிரான்சிஸ்கோ நகரில் மழலைப் பள்ளி நடத்திய ரோடா கெல்லாக் என்ற அம்மையார், குழந்தைகளின் படங்களை ஆயிரமாயிரமாகச் சேர்த்து ஆராய்ந்து, 1969-இல் ஒரு நூல் வெளியிட்டார். கிறுக்கலிலே 20 அடிப்படை வகைகளை அவர் பிரித்துக் காட்டினார். வெறும் கிறுக்கல் என்று நாம் ஒதுக்குவதிலே இத்தனை வகை, இத்தனை வளர்ச்சி!

மூன்று, நான்கு வயதிலே மனிதன் பிறக்கிறான். பெரிய வட்டம் ஒன்று. அதிலே இரண்டு கண். வட்டத்தின் அடியிலிருந்தே இரண்டு கால். வயிறு இல்லை, மார்பு இல்லை. தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்தது போன்ற இந்த மனிதனைப் பல நாட்டுக் குழந்தைகளும் வரைகிறார்கள். கூடிப் பேசி முடிவெடுத்தார்களா? இல்லை. அது வளர்ச்சியின் ஒரு படி. தவழும் குழந்தையைப் பார்த்து, 'ஏன் நாலு காலால் நடக்கிறாய்?' என்று எவரேனும் அதட்டுவதுண்டா?

பிறகு இன்னும் வேடிக்கை வரும். வீட்டின் சுவர் கண்ணாடிபோல் ஆகி, உள்ளே அம்மா சமைப்பது தெரியும். மீனின் வயிற்றுக்குள்ளே இன்னொரு மீன் தெரியும். அப்பாவைவிடப் பாட்டி பெரிதாக இருப்பாள். அளவு தெரியாத பிழை என்று எண்ணிவிடாதீர்கள். குழந்தையின் கணக்கிலே முக்கியமானது பெரிதாக வருவது வழக்கம். பாட்டி பெரிதாயிருந்தால், 'அந்த வீட்டிலே யாருடைய மடி பெரிது?' என்று பாருங்கள்.

விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற அறிஞர், ஆஸ்திரியாவிலே பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்றவர். இந்தப் படிகளையெல்லாம் வயது வாரியாக வகுத்து 1947-இல் நூலாக்கினார். அவருக்கும் முன்னால், அதே ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், ஃபிரான்ஸ் சீஜெக் என்ற இளம் ஓவியர் ஒரு தச்சர் வீட்டிலே குடியிருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவருடைய வண்ணங்களை எடுத்து விளையாடுவதைப் பார்த்தார். விரட்டவில்லை; வியந்தார். 1897-இல் சிறுவர்க்கென்றே ஓவிய வகுப்பொன்றைத் துவக்கினார். 'இதைப் பார்த்து இப்படியே எழுது' என்று நகலெடுக்கவைத்த காலத்திலே, 'நீ எண்ணுவதை வரை' என்று சொன்ன வகுப்பு அது. 1920-களிலே அந்தப் பிள்ளைகளின் படங்கள் லண்டனிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. தச்சர் வீட்டுக் குழந்தைகள் தந்த பாடம் உலகம் சுற்றியது!

சரி, குழந்தை படத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறது. நாம் என்ன செய்யலாம்?

முதலிலே, வாயைத் திறக்காமல் கண்ணைத் திறக்கலாம். கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, அரை நிமிடம் பார்க்கலாம். உண்மையாகவே நேரமில்லையென்றால், 'இந்த வேலையை முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன்' என்று சொல்லலாம். சொன்னபடி வந்தும் பார்க்கலாம். பார்க்காமல் வீசுகிற 'அழகு' என்ற சொல், பொய்க் கையெழுத்து. குழந்தை அதை எளிதிலே கண்டுபிடித்துவிடும். நம் வீட்டிலே கண்டுபிடித்தது.

அடுத்து, 'என்ன இது?' என்று கேட்காதிருக்கலாம். கேள்வி சிறியதுதான்; ஆனால், 'நீ வரைந்தது எனக்கு விளங்கவில்லை' என்ற தீர்ப்பு அதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. கிறுக்கும் வயதுக் குழந்தைக்கோ அது பொருந்தாக் கேள்வியும்கூட. சும்மா சுழற்றிய கோட்டுக்கு அவசரமாக ஒரு பெயரைத் தேடி, 'யானை' என்று பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். 'இதைப் பற்றி எனக்குச் சொல்லேன்' என்று கேட்டுப் பாருங்கள். கதவு திறக்கும். காக்கை பேசும், குட்டிக் காக்கை பேசும், நீங்கள் அறியாத உங்கள் வீடே பேசும்.

மூன்றாவது, மொத்தமாகப் புகழாமல், கண்டதைச் சொல்லலாம். 'மேலே முழுக்க நீலம் தீட்டியிருக்கிறாய். ஒரு மூலையைக்கூட விடவில்லை.' 'இந்தக் கோட்டை நன்றாக அழுத்திப் போட்டிருக்கிறாய்.' 'நேற்று வரைந்த மரத்துக்கு இலை இல்லை, இன்றைக்கு இருக்கிறதே!' இதிலே புகழ்ச்சி இருக்கிறதா? ஒரு சொல்கூட இல்லை. ஆனால், 'அப்பா பார்த்திருக்கிறார்' என்பதற்குச் சான்று இருக்கிறது. குழந்தை கேட்பது சான்றிதழை அல்ல, சாட்சியை!

'நீ பிறவிக் கலைஞன், மகா மேதை' என்று தூக்கிவைத்தால் என்ன கெட்டுவிடும் என்பீர்கள். அமெரிக்காவிலே கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிர்களைக் கொடுத்தார்கள். விடை கண்டதும் சிலரை, 'நீ புத்திசாலி' என்று பாராட்டினார்கள். சிலரை, 'நன்றாக உழைத்தாய்' என்று பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாறவைத்தார்கள். 'புத்திசாலி' என்று பெயர் வாங்கியவர்கள் சோர்ந்தார்கள்; அதன்பின் வந்த எளிய புதிர்களிலும் பின்தங்கினார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்களோ, ஊக்கத்தோடு தொடர்ந்தார்கள். ஆய்வு புதிரைப் பற்றியது என்றாலும், பாடம் படத்துக்கும் பொருந்தும். பட்டம் சூட்டினால், பட்டத்தைக் காப்பதே பிள்ளைக்குப் பாரமாகிவிடும். பட்டங்களால் பாழானவர்களைப் பொதுவாழ்விலே நாம் பார்க்காததா?

நான்காவது, பரிசு காட்டிப் படம் வாங்காதிருக்கலாம். 'ஒரு படம் வரைந்தால் ஒரு சாக்லேட்' என்று சில வீடுகளிலே ஒப்பந்தம் உண்டு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழக மழலைப் பள்ளியிலே, வண்ணப் பேனாவால் வரைவதிலே தாமாகவே விருப்பம் கொண்ட 51 குழந்தைகள். மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம், 'படம் வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் பதித்த சான்றிதழ் தருவோம்' என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பின் எதிர்பாராமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவுமே இல்லை.

சில நாட்கள் கழித்து, அதே பேனாக்களை வகுப்பிலே வைத்து, 'விரும்பினால் விளையாடலாம்' என்று விட்டுக் கவனித்தார்கள். ஆசை காட்டப்பட்ட பிரிவினர், மற்ற இரு பிரிவினரும் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைவதிலே செலவிட்டார்கள். பரிசுக்காக அன்று வரைந்த படங்களும் தரத்திலே தாழ்ந்திருந்தன. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கோ ஊறு ஒன்றும் நேரவில்லை. விளங்குகிறதா? பரிசு நஞ்சல்ல, முன்கூட்டிக் காட்டும் தூண்டில்தான் நஞ்சு. இன்பமாக இருந்ததைக் கூலிவேலையாக்கிவிட்டோம். கூலி நின்றதும் வேலையும் நின்றது.

ஐந்தாவது, பென்சிலைப் பிடுங்காதிருக்கலாம். 'இப்படிப் போடு' என்று அதன் தாளிலே நாம் கோடு போட்டால், அந்தப் படம் அக்கணமே அநாதையாகிவிடும். நம்முடையதும் அல்ல, அதனுடையதும் அல்ல. 'அப்பா, மாடு வரைஞ்சு கொடுங்க' என்று கேட்டால் என்ன செய்வது? தெருவிலே மாடு இல்லாமலா போயிற்று! கையைப் பிடித்து அழைத்துப்போய், 'கொம்பு எங்கே முளைக்கிறது? வால் எதுவரை தொங்குகிறது? அசைபோடும்போது வாய் எப்படிப் போகிறது?' என்று கேட்டுவிட்டுத் திரும்புங்கள். மாட்டைக் குழந்தை வரையும். நாமும் நெடுநாளைக்குப் பின் ஒரு மாட்டை ஒழுங்காகப் பார்த்திருப்போம்.

ஆறாவது, ஒப்பிடாதிருக்கலாம். 'எதிர்வீட்டுப் பையன் எவ்வளவு சுத்தமாக வண்ணம் தீட்டுகிறான், பார்' என்ற ஒரு வாக்கியம் போதும். இரண்டு குழந்தைகளின் நட்பும் ஒரு குழந்தையின் தூரிகையும் ஒரேயடியாக முறியும். போட்டிகளுக்கு அனுப்புவோர் அனுப்பட்டும். ஆனால், பரிசு வாங்காமல் திரும்பும் பிள்ளையின் படத்துக்கும் வீட்டுச் சுவரிலே இடம் உண்டு என்று அதற்குத் தெரியட்டும்.

சுவர் என்றதும் நினைவு வருகிறது. 'வெள்ளையடித்த சுவரை வீணாக்கிவிட்டாள்' என்று எத்தனை வீடுகளிலே எத்தனை அடி! வாடகை வீட்டுக்காரரின் கவலை நமக்குத் தெரியாததல்ல, முன்பணத்திலே பிடித்துக்கொள்வார்கள். ஆகவே சுவரைக் காக்க வேண்டும். குழந்தையையும் காக்க வேண்டும். ஒரு பக்கச் சுவரிலே, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்திலே, பழைய நாட்காட்டித் தாள்களைத் திருப்பி ஒட்டிவிடுங்கள். 'இது உன் சுவர், அது வீட்டுக்காரர் சுவர்' என்று எல்லை வகுத்துவிடுங்கள். ஒரு சிலேட்டும் இரண்டு பல்பமும் வாங்கிக்கொடுங்கள். முற்றம் இருந்தால் கரித்துண்டும் சுண்ணக்கட்டியும் போதும். விலையுயர்ந்த வண்ணப் பெட்டி வேண்டும் என்று எவர் சொன்னார்?

நம் தாய்மார்களைப் பாருங்கள். காலைதோறும் வாசலிலே புள்ளிவைத்து, இழை இழுத்து, கோலமிடுகிறார்கள். மாலைக்குள் கால்பட்டு அழிகிறது. மறுநாள் மீண்டும் இடுகிறார்கள். மதிப்பெண் போடுவார் இல்லை; சட்டம் போட்டு மாட்டுவாரும் இல்லை. பக்கத்திலே குந்தியிருக்கும் சிறுமி ஓரத்திலே ஒரு கோணல் கோடு இழுத்தால், பல தாய்மார்கள் அதை அழிப்பதில்லை. தங்கள் கோலத்தை அந்தக் கோட்டோடு இணைத்துவிடுகிறார்கள். இதைவிடச் சிறந்த ஓவியப்பள்ளி எங்கே இருக்கிறது?

ஒன்பது, பத்து வயதிலே நிலை மாறும். பிள்ளை தானே தன் படத்தைப் பார்த்து, 'சரியா வரலை' என்று கசக்கி எறியும். அதன் கண் வளர்ந்துவிட்டது. கை இன்னும் வளரவில்லை. எண்ணற்றோர் வரைவதை விட்டுவிடுவது இந்த வயதிலேதான். அப்போது, 'இல்லை, இல்லை, அருமையாக இருக்கிறது' என்று பொய் சொல்லாதீர்கள், நம்பிக்கை போய்விடும். 'எந்த இடம் சரியாக வரவில்லை என்கிறாய்?' என்று கேளுங்கள். தூரத்துப் பொருள் ஏன் சிறிதாகத் தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று கற்றுக்கொடுக்கத் தக்க வயது அது. தெரிந்தவரிடம் அனுப்பிக் கற்கவையுங்கள். ஐந்து வயதிலே திருத்தம் தீங்கு. பத்து வயதிலே, பிள்ளை கேட்டால், அதுவே துணை.

இன்னொன்று. பிள்ளை கறுப்பை எடுத்துத் தாள் முழுவதும் தீட்டினால் கலங்கிவிடாதீர்கள். கைக்குக் கிடைத்த பென்சில் கறுப்பாக இருந்திருக்கலாம். ஒரு படத்தை வைத்து உள்ளத்தைச் சோதிடம் பார்ப்பது அறிவுடைமை ஆகாது. ஆனால், ஒரே அச்சம் படத்துக்குப் படம் திரும்பத் திரும்ப வந்தால், பக்கத்திலே அமர்ந்து, பொறுமையாகக் கேளுங்கள். சொல்லத் தெரியாததைக் கோடு சொல்ல முயல்வதும் உண்டு.

'இதெல்லாம் எதற்கய்யா? படம் சோறு போடுமா?' என்று ஒரு குரல் கேட்கிறது. வரைகிற பிள்ளையெல்லாம் ஓவியராகப் போவதில்லை. பேசுகிற பிள்ளையெல்லாம் பேச்சாளராகப் போகிறதா என்ன? அதற்காக வாயைத் தைத்துவிடுகிறோமா? உற்றுப் பார்க்கும் கண்ணும், எண்ணியதை வெளியிடும் துணிவும், பிழைத்தால் மறுபடி முயலும் பழக்கமும் மருத்துவருக்கு வேண்டாவா, தச்சருக்கு வேண்டாவா, உழவருக்கு வேண்டாவா? பிள்ளையின் பிஞ்சுக்கை துழாவிய கூழ் அமிழ்தினும் இனியது என்றார் வள்ளுவர். கூழிலே கைவைத்ததைக் கொண்டாடிய மரபு நம்முடையது. தாளிலே கைவைத்ததைக் கண்டிப்பானேன்?

அண்டை மாநிலமாம் கேரளத்தின் கொச்சியிலே, எட்மண்ட் தாமஸ் கிளிண்ட் என்றொரு சிறுவன் 1976-இல் பிறந்தான். 1983-இல், ஏழு வயது நிறையும் முன்பே நோயினால் மறைந்தான். அதற்குள் அவன் வரைந்த படங்கள் 25,000-க்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அத்தனை குறுகிய வாழ்விலே அத்தனை படங்கள்! அவை எஞ்சியிருக்கின்றன என்றால், வரைவதைத் தடுக்காத, வரைந்ததை எறியாத பெற்றோர் இருந்தார்கள் என்று பொருள். அந்தத் தாய் தந்தையர்க்கு எஞ்சிய செல்வம் அதுதான்.

இன்னுமொரு வரலாறு சொல்லி முடிக்கிறோம். இரண்டாம் உலகப் போர்க்காலம். செக்கோஸ்லோவாக்கியாவிலே தெரசீன் என்ற கோட்டை நகரை நாஜிகள் யூதர்களை அடைக்கும் சிறையாக்கினார்கள். 1942 டிசம்பரில் அங்கே கொண்டுவரப்பட்டவர்களிலே ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவிய அம்மையாரும் ஒருவர். கொண்டுவர அனுமதித்த சிறு சுமையிலே, தாளும் வண்ணமும் எடுத்து வந்தார். பசியிலும் நோயிலும் கிடந்த குழந்தைகளைக் கூட்டி வைத்து வரையச் சொன்னார். தாள் தீர்ந்தபோது, எழுதிய தாளின் பின்புறத்திலே வரையச் சொன்னார். அலுவல் ஏட்டிலே அந்தக் குழந்தைகள் வெறும் எண்கள். அவரோ, 'படத்திலே உன் பெயரை எழுது' என்றார்.

1944-இல், ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பப்படும் முன்னர், அந்தப் படங்கள் இரண்டு பெட்டிகளிலே நிறைத்து மறைத்து வைக்கப்பட்டன. அக்டோபரில் அம்மையார் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டனர். போர் முடிந்தபின் பெட்டிகள் வெளிவந்தன. ஏறத்தாழ 4,500 படங்கள்! வீடு, மலர், மேசைமேல் உணவு, பட்டாம்பூச்சி. பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்திலே இன்றும் காக்கப்படுகின்றன. பல குழந்தைகள் இவ்வுலகில் வாழ்ந்தார்கள் என்பதற்கு, அந்தப் பெயர் எழுதிய தாளே எஞ்சிய அடையாளம்.

சாவின் வாயிலிலே நின்ற ஓர் ஆசிரியைக்கு, குழந்தையின் படத்தைப் பார்க்க நேரம் இருந்தது, தோழர்களே! காப்பியும் கட்டுரையும் காத்திருந்த நமக்கு நேரம் இல்லை!

அதனால்தான் நாம் மகளிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். 'பிள்ளையிடமா மன்னிப்பு?' என்று முகம் சுளிப்போர் சுளிக்கட்டும். தவறு செய்தவன் வயதைப் பார்த்தா வருந்துவது? "குட்டிக் காக்கையோட காலை அப்பா தெரியாம அடிச்சுட்டேன்" என்றோம். சற்றே யோசித்தாள். "அது பறந்து போச்சுப்பா. திரும்பி வந்தா வரையறேன்" என்றாள்.

காத்திருந்தோம். கேட்கவில்லை, தூண்டவில்லை, பரிசு பேசவில்லை. மேசையோரத்திலே தாளும் பென்சிலும் மட்டும் இருந்தன. நாட்கள் பல சென்றன. ஒருநாள், பிழைதிருத்தி ஒதுக்கிய நம் கட்டுரைத் தாள் ஒன்றின் பின்புறத்திலே, காக்கைகள் வந்து இறங்கியிருந்தன! இம்முறை மூன்று. பேனாவைக் கீழே வைத்தோம். குனிந்தோம். பார்த்தோம். "மூணு காக்கை இருக்கே. ஒண்ணு மட்டும் தள்ளி நிக்குது. எனக்குச் சொல்லேன்" என்றோம்.

"அது அப்பாக் காக்கை. கூட்டம் முடிஞ்சு இப்பதான் வந்துச்சு" என்றாள்.

அந்தத் தாளிலே நாளும் அவள் பெயரும் எழுதி, அவள் கண்ணுக்கு நேரே சுவரிலே மாட்டியிருக்கிறோம். அதன் மறுபுறத்திலே இருப்பது நம் கட்டுரை. சுவரைப் பார்த்தபடி கிடக்கிறது. கிடக்கட்டும்!

இன்று மாலை உங்கள் வீட்டிலும் ஒரு தாள் நீளும். எந்தத் தாய்மாராயினும், எந்தத் தந்தையராயினும், கையிலிருப்பதைக் கீழே வையுங்கள். காலை எண்ணாதீர்கள், காக்கையைக் கேளுங்கள்!